கம்பும் தொப்பையும்

தமாண்டா இன்றைக்கும் இங்கிலீஷ் சின்ன ‘பி’யைத் திருப்பித்தான் போட்டாள். கரும்பலகையில் அது ‘டி’யாக நின்று, கூடியிருந்த ஊரைப் பார்த்துப் பல்லிளித்தது.

மாமரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்த அவள் அம்மா எனிஃபாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மகளுக்குப் பதினோரு வயது. மூன்றாவது வருஷமாக அதே இரண்டாம் வகுப்பு. பக்கத்தில் நின்ற வாண்டுகள் அவள் தோளுக்குக்கூட எட்டவில்லை.

“உன் பொண்ணு இந்த ஸ்கூல்லயே வேர் விட்டுட்டா போலிருக்கே எனிஃபா,” என்றாள் பின்னாலிருந்த பெண். “போன தடவ வந்த வெள்ளக்காரங்களும் இவளுக்குத்தான் உசுர விட்டுச் சொல்லிக் கொடுத்தாங்க. வண்டிப் புழுதி அடங்கறதுக்குள்ள மறந்துட்டா.”

“இதுதான் கடைசி,” என்றாள் எனிஃபா. “இன்னைக்கும் எழுதலைன்னா நாளைக்குக் காலைல பிளான்டைர் பட்டணத்துக்கு பஸ். அவ சித்தி வீட்டுல பிள்ள தூக்கறதுக்கு எழுத்து வேணாம்.”

இதை மகளிடமும் காலையிலேயே சொல்லிவிட்டாள். காய்ந்த மீன் கூடையைக் கட்டிக்கொண்டே, “ஒழுங்கா எழுதினா ஸ்கூல், இல்லேன்னா பஸ்,” என்றாள். தமாண்டா பணியாரம் மடித்து வந்த எண்ணெய்ப் பிசுக்கான பத்திரிகைத் தாளை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அடுத்த மாசம் பூரா ஏரியில வல போடக் கூடாதாம்.”

“ரேடியோ கேக்க வீடு வீடாப் போ! பாடத்த மட்டும் கேட்டுடாத!” என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள் எனிஃபா.

வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் ஆனெலீஸ். இரண்டு வார சேவைக்கு வந்தவள். வெயிலில் மூக்கு உரிந்து தக்காளியாகச் சிவந்திருந்தது. முதல் நாளே தலைமையாசிரியர் கச்சாலே தமாண்டாவைத்தான் அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். “எங்க ஸ்கூல்லயே மக்கு இவதான். இவளக் கொஞ்சம் பாருங்க,” என்றார்.

அன்றிலிருந்து தினமும் தமாண்டாவின் கையைப் பிடித்து மணலில் எழுத வைத்தாள் ஆனெலீஸ். ஊர்ப் பாஷையில் அவள் கற்றுக்கொண்டது இரண்டே வார்த்தை. கம்பு, தொப்பை. முதலில் கம்பு, அதன் வலப்பக்கம் தொப்பை, அதுதான் ‘பி’. சந்தைக்குப் போகும்போது எனிஃபா வேலியோரம் நின்று இதைப் பார்த்திருக்கிறாள். பெற்றவளான தனக்கு இல்லாத பொறுமை இந்தப் பெண்ணுக்கு இருக்கிறதே என்று வெட்கப்பட்டுமிருக்கிறாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளான இன்றைக்கும் ஆனெலீஸ் சளைக்கவில்லை. தமாண்டாவின் பக்கத்தில் மண்டியிட்டு, “கம்பூ... தொப்பே...” என்றாள். ஊரே சிரித்தது. எனிஃபாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாளைக்குக் காலை பஸ் அவள் கண்முன்னாலேயே வந்து நின்றுவிட்டது.

தமாண்டா தப்பை அழித்தாள். ஒரு கம்பு இழுத்தாள். பிறகு வலப்பக்கமாக ஒரு தொப்பையைப் போட்டாள். அதோடு விடாமல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை திக்கித் திணறி எழுதி முடித்தாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆனெலீஸ் தமாண்டாவைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கூட வந்தவர்கள் அதைச் செல்போனில் படம் பிடித்தார்கள்.

“ரெண்டே வாரத்துல ஒரு பிள்ளையோட வாழ்க்கைய மாத்திட்டேன், இது போதும் எனக்குன்னு சொல்றாங்க,” என்று கச்சாலே ஊருக்கு மொழிபெயர்த்தார்.

எனிஃபா வீட்டுக்கு ஓடினாள். முட்டையிடுகிற ஒரே கோழியைப் பிடித்து வந்து, முழங்காலிட்டு ஆனெலீஸின் கையில் கொடுத்தாள். விமானத்தில் கோழி எப்படிப் போகும்? ஆனெலீஸ் அதை வாங்கி ஒரு முத்தம் கொடுத்து, கச்சாலேயிடம் நீட்டினாள். வண்டி கிளம்பியது.

“திங்கக்கிழமை வரைக்கும் தாங்குதான்னு பாப்போம்,” என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்.

“இந்தத் தடவ மறக்க மாட்டா. மறக்க விட மாட்டேன்.” எனிஃபாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. காலையில் தலையில் வைத்த குட்டை நினைத்து மனசு வலித்தது. பஸ்ஸும் வேண்டாம், சித்தியும் வேண்டாம், பிள்ளை படிக்கட்டும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

அவர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் அவளுடைய கோழி கால் கட்டப்பட்டுக் கிடந்தது. உள்ளே கச்சாலேயின் குரல் கேட்டது.

“வெள்ளக்காரங்க கஞ்சிக்கு மாவு இன்னும் ரெண்டு மாசம் அனுப்புறாங்களாம். மொத்த ஸ்கூலும் சாப்பிடும், உன்னால! வீட்டுல மட்டும் மூச்சு விடாத, என்ன?”

கதவைத் தட்டப் போன எனிஃபாவின் கை அப்படியே நின்றது.

“சரி சார்,” என்றாள் தமாண்டா. “போன தடவ ‘டி’, இந்தத் தடவ ‘பி’. திங்கக்கிழமை வர்றவங்களுக்கு நான் எந்த எழுத்த மறக்கணும்?”