அட்டைப்படக் கைரேகை

ஒரு துப்பறியும் நாவலைப் படித்துவிட்டுத்தான் அவர் கைரேகை நிபுணர் ஆனார். அதன் அட்டையில் கொலையாளியின் கட்டைவிரல் ரேகை இருந்தது. ஓவியர் கற்பனையாக வரைந்தது. அட்டையை மட்டும் கிழித்து ஆய்வகத்தில் வைத்திருந்தார். தினமும் காலையில் அதைக் கொடுத்துத்தான் ரேகைகளை ஒப்பிடும் மெஷினைச் சோதிப்பார். பதினொரு வருடமாக யாரோடும் பொருந்தவில்லை.

இன்று பொருந்தியது. போன வாரம் ஆய்வகத்துக்கு வந்த மகள் விளையாட்டாகப் பதித்த ரேகையோடு.

"மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு சார்," என்றார் உதவியாளர்.

லென்ஸ் வைத்து நிபுணரே பார்த்தார். குறுக்கே ஓடிய தழும்புகூட ஒன்றுதான். மகளுக்கு அது போன மாதம் பென்சில் சீவும்போது பட்ட காயம்.

வீட்டில் மகள் அட்டையில்லாத நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கொலை பண்ணதுன்னு சொல்லிடாதீங்கப்பா. நானே கண்டுபிடிக்கிறேன்."