ஐப்பசிக் குயில்

பைக் சத்தம் கேட்டதுமே மாரீஸ்வரி துணிப்பையை இழுத்து மறைத்துக்கொண்டாள். திராட்சைப் பந்தலுக்கு அடியில் இன்னும் குனிந்து, கொடியின் தூரோடு ஒட்டிக்கொண்டாள்.

இலை இடுக்கில் தெரிந்தது அண்ணன் பாண்டியராஜனின் வண்டியேதான். நாளைக் காலைக் கல்யாணத்துக்கு வாசலில் கட்ட வாழை மரம் வெட்டப் போனவன், கையில் அரிவாளோடு கூடலூர் சாலையில் நின்று தோட்டத்தையே உற்றுப் பார்த்தான். செல்போனை எடுத்தான்.

"நீங்க ஆண்டிபட்டிப் பக்கமே தேடுங்கப்பா. மாமாவையும் கூட்டிட்டுப் போங்க. இங்கன நான் ஒருத்தன் போதும், நான் பாத்துக்கிறேன்."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

விடிந்தால் தாய்மாமன் கருத்தக்கண்ணனுக்கு அவள் இரண்டாம் தாரம். அதற்குள் சண்முகராஜோடு குமுளி மலையேறிக் கேரளாவுக்குள் போயாக வேண்டும். சிக்கினால் தன்னை வீட்டோடு பூட்டி வைப்பார்கள், அவனை என்ன செய்வார்களோ!

சண்முகராஜ் கம்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், கவிதை எழுதுகிறவன். அவளுடைய செல்போனை வீட்டில் பிடுங்கிக்கொண்டதும் தோழி சுகிர்தத்திடம் சொல்லி அனுப்பியிருந்தான்: 'சாயங்காலம் திராட்சைத் தோட்டத்தில் இரு. குயில் மூன்று முறை கூவினால் வெளியே வா.' தப்பித்து ஓடுவதற்கும் கவிதை மாதிரியே திட்டம் போட்டிருந்தான், பாவி.

கவிஞர்களுக்கென்ன, இந்த ஐப்பசியிலும் குயில் கூவும். அவன் கவிதை ஒரு வார இதழில் வந்தபோது, யார் எழுதியது என்று தெரியாமலே அண்ணன் படித்துவிட்டுக் கேலி செய்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஐப்பசி மழையில எங்கனடி குயிலு கூவுது? சித்திரையில கேக்கணும், இப்பிடி" என்று கூவியும் காட்டினான்.

வாய்க்கால் பக்கம் ஆட்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே எழுந்து பறந்தது. யாரோ நடந்து வருகிறார்கள். மாரீஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"கூ... ஊ..."

ஒன்று. இரண்டு. மூன்று.

உயிர் வந்தது அவளுக்கு. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பந்தலை விட்டு வெளியே ஓடினாள்.

வாய்க்கால் கரையில் பாண்டியராஜன் நின்றான். வாயருகே குவித்த கைகளை மெல்ல இறக்கினான்.

சண்முகராஜை அடித்து உதைத்துத்தான் இந்த அடையாளத்தைக் கறந்திருக்க வேண்டும். அவன் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ! அண்ணன் காலில் விழுந்தாள்.

"அவர ஒண்ணும் செஞ்சிராதண்ணே! நான் வந்துர்றேன். மாமாவுக்கே கழுத்த நீட்டுறேன்."

"எந்திரி. சத்தம் போடாம வண்டியில ஏறு."

"அவரு எங்கண்ணே?"

"குமுளி மலைக்குக் கீழ, லோயர் கேம்ப்ல ஒரு டீக்கடையில ஒக்கார வச்சிருக்கேன்."

"அடிச்சியா?"

பாண்டியராஜன் குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். அவள் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"என்னயப் பாத்த பயத்துல மாப்பிள்ளைக்குத் தொண்டையே தொறக்கல ஆத்தா, அதான் நான் வந்து கூவினேன்."