பக்கத்து வீட்டுச் சோறு

உலை கொதித்துவிட்டது. அவள் களைந்த அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

போட்டால் சோறாகிவிடும். சோறானால் கொண்டுபோக வேண்டும்.

வெளியே நல்ல வெயில். புயல் போன பிறகு கடல் ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டில் செலினின் கைக்குழந்தை அழுதது. காலையில் வீறிட்டு அழுத குழந்தை. இப்போது சத்தம் தேய்ந்து முனகல்தான் மிச்சம்.

செலின் சாப்பிடவில்லை. புருஷன் ததேயுஸ் திரும்பி வந்து கரையில் கால் வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பவுடர் பால் கலக்கிக் கொடுத்தால் குழந்தை துப்பியது.

பங்குச் சாமியார் வந்து, பச்சை உடம்புக்காரிக்கு இந்த நேர்ச்சை செல்லாது என்று சொல்லிப் பார்த்தார். சாமியாருக்குப் புருஷனா கடலுக்குப் போயிருக்கிறான் என்று செலின் திருப்பிக் கேட்டுவிட்டாள். மனிதர் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

சாயங்காலமானால் செலின் இவள் கையைப் பிடித்துக்கொள்வாள். தினமும் ஒரே பேச்சு.

"நீ செபிக்கா. உனக்க ஆளக் கொண்டுவந்து தந்தால்லா மாதா. நீ கேட்டா எனக்கும் தருவா."

இவளும் முழந்தாளிடுவாள். செபமாலையை உருட்டுவாள். வாய் சொல்லும், மனம் கூட வராது. செத்தவனைத் திருப்பிக் கொடு என்று எந்த மாதாவிடம் போய்க் கேட்பது?

இவளுக்குத் தெரியும். இவளுக்கும் இவள் புருஷன் கிளீட்டஸுக்கும் மட்டும் தெரியும்.

கிளீட்டஸும் ததேயுஸும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். வள்ளம் கவிழ்ந்தபோது ஒரே மண்ணெண்ணெய்க் கேனைப் பிடித்து மிதந்தவர்கள். கரையில் கேட்டவர்களிடம், அலை எங்களைப் பிரித்துவிட்டது என்று கிளீட்டஸ் சொன்னான். எங்காவது ஒதுங்கியிருப்பான், யாராவது தூக்கியிருப்பார்கள் என்று ஊரும் நம்பியது.

இவளிடம் மட்டும் வேறு சொன்னான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னான்.

"எனக்க கையப் புடிச்சிட்டுதான் கெடந்தான். கை மரத்துப்போச்சு. விட்டுட்டேன். கண்ணு முன்னாலதான் தாந்துபோனான்."

செலினுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றான். அப்போது படுத்தவன்தான். இன்னும் ஒழுங்காக எழுந்திருக்கவில்லை.

அவன் வந்து சேர்ந்த அன்று இவள் கோயிலுக்கு ஓடி மெழுகுதிரி ஏற்றினாள். ஊரே கேட்க மாதாவுக்கு நன்றி சொன்னாள். இப்போது கோயில் வழியாக நடக்கவே கூசியது. அந்த வீட்டு ஆளை விட்டுவிட்டு இந்த வீட்டு ஆளைக் கொண்டுவந்ததற்கு எந்த வாயால் நன்றி சொல்வது? சொல்லாமலும் எப்படி இருப்பது?

இந்தக் கரையில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரிதான் சோறு பொங்கிக் கொண்டுபோவாள். அதனாலேயே, கடலில் ஆள் காணாமல்போன வீட்டுக்கு யாரும் பொங்கிய பானையோடு போகமாட்டார்கள். அரிசி கொடுப்பார்கள், பருப்பு கொடுப்பார்கள், விறகுகூடக் கொண்டுபோய்ப் போடுவார்கள்.

சோறு கொண்டுபோனால், அவன் இனி வரமாட்டான் என்று சொன்னதாகும்.

வாயால் சொல்லிவிடலாம் என்று இவள் போய்ப் பார்த்தாள். செலின் முகத்தைப் பார்த்தாள். குழந்தையைக் கொஞ்ச நேரம் தோளில் போட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

இப்போது முனகலும் நின்றுவிட்டது.

இவள் அரிசியை உலையில் போட்டாள்.

வடித்துப் பானையை இறக்கும்போது கிளீட்டஸ் திரும்பிப் பார்த்தான். பானையின் அளவைப் பார்த்ததும் அது எந்த வீட்டுக்கு என்று அவனுக்குப் புரிந்தது. எழுந்து உட்கார்ந்தான்.

பிறகு பானையைப் பிடிக்கத் துணியை எடுத்துக் கொடுத்தான்.

மாதாவே, நான் போவதற்குள் நீயே அவளிடம் சொல்லிவிடேன் என்று மட்டும் கேட்டாள். இவ்வளவு செய்தவளுக்கு இது பெரிய காரியமா?

பட்டப்பகலில் பானையோடு வாசலில் இறங்கினாள். தெருக்குழாயடியில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். குடம் நிறைந்து வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

செலின் வாசற்படியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது.

காலடிச் சத்தத்துக்குத் திரும்பினாள்.

பானையைப் பார்த்தாள். மூடியைத் தாண்டி வரும் ஆவியைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு போகிறவளுக்கு வழிவிடுவதுபோல் காலை மடக்கிக்கொண்டாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

"யாருக்க வீட்டுக்குக்கா கொண்டுபோற?"

அந்த வரிசையில் அதற்கு அப்பால் வீடு கிடையாது. மணல்தான். அப்புறம் கடல்.