போகாத இரைச்சல்

"இன்னாய்யா வேல செய்யற நீ? நாலாவது வாட்டி வர்றேன்!" காரை நிறுத்தி இறங்குவதற்குள் ரகு கத்த ஆரம்பித்துவிட்டான்.

கவரைப்பேட்டையில் பதினைந்து வருடமாகக் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் சின்னராசுவுக்கு வெறுத்தே போனது. ரகுவின் காரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பாட்டோடு சேர்ந்து 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். மூன்று தடவையும் சீட்டுக்கு அடியில் செட்டின் எர்த் ஒயரைப் பிடிக்கும் போல்ட்டுதான் தளர்ந்திருந்தது. மூன்று தடவையும் முறுக்கித்தான் அனுப்பினான்.

"இந்த வாட்டியும் சத்தம் போவலன்னா, எங்க கம்பெனி பூரா சொல்லி உன் கடைக்கு ஒருத்தனும் வராம பண்ணிடுவேன்!" என்றுவிட்டு ரகு டீக்கடைக்குப் போனான். அவன் மனைவி விக்டோரியா காரோரமாகவே நின்றாள்.

சீட்டைத் தூக்கிப் பார்த்த சின்னராசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் போல்ட்டின் மேல் அவன் அடையாளத்துக்குப் பூசிய சிவப்புப் பெயிண்ட் உடைந்திருந்தது.

"இது தானா லூசாவல. எவனோ ஸ்பேனர் போட்டுக் கழட்டிக்கீறான்!"

"எவனும் இல்லண்ணா. நான்தான்," என்றாள் விக்டோரியா.

"ஏம்மா, நான் உனக்கு இன்னா பாவம் பண்ணேன்?"

"அவருக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போய் வர்ற அரை மணி நேரம்தான் ஒண்ணா இருக்கோம். செட்டு நல்லா பாடுனா அதையே கேட்டுக்கினு வர்றாரு. சத்தம் வந்தா ஆஃப் பண்ணிட்டு எங்கூடப் பேசிக்கினு வர்றாருண்ணா."

ரகு திரும்பி வந்தான். "இன்னா, சரியாச்சா?"

சின்னராசு ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"இல்ல சார். இந்தச் சத்தத்த எடுக்கற வேல எனக்குத் தெரியல."