தோல் ஆறும்வரை

"அண்ணி, சீக்கிரம் வாங்களேன்! அழுகிப் போச்சு அண்ணி!"

கண்ணாடி முன்னால் நின்று கத்தினாள் அவள். ஆபரேஷன் செய்த பக்கத்து மார்பில் நேற்று வரை ஊதாவாக இருந்த இடம், இன்று பச்சையும் மஞ்சளுமாகக் கலங்கிக் கிடந்தது. கறை விலா வரை இறங்கியிருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. தொட்டால் யாரோ வேறொருத்தியைத் தொடுவது போல மரத்துப் போயிருந்தது.

"கத்தாதே. வெளியே அம்மா இருக்காங்க."

உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள் புருஷனின் அக்கா. பஸ் கண்டக்டர். கூட்டத்தை அதட்டி அதட்டி, வீட்டில் பேசினாலும் அதட்டலாகத்தான் வரும்.

"ஆசைப்பட்டு வெட்டிக்கிட்டே. அப்புறம் பூவா பூக்கும்?"

"பயமா இருக்கு அண்ணி."

"ஆபரேஷனுக்குப் படுக்கும்போது பயம் இல்லையாக்கும்."

சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, குரல் வெளியே போகாமல் அவள் காதில் வைத்தாள்.

நர்ஸ் நிதானமாகக் கேட்டாள். "காய்ச்சல் இருக்கா? சிவப்பு பரவிக்கிட்டே போகுதா? தொட்டா சுடுதா? சீழ், நாத்தம் ஏதாவது?"

"இல்லைங்க."

"அப்ப பயப்படாதீங்க. கட்டின ரத்தம் கரையும்போது நிறம் மாறும், கீழே இறங்கும். வீக்கத்துல தோல் பளபளக்கும், அரிக்கும், மரத்தும் போகும். தழும்பு இன்னும் கொஞ்ச நாள் சிவந்துதான் இருக்கும். இப்ப கேட்டேனே, அதுல ஒண்ணு வந்தாலும் உடனே கிளம்பி வந்துடுங்க."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

"இதுக்கும் அழுகையா? நல்லாத்தான் இருக்கு போ" என்றாள் அண்ணி.

இவளிடம் போய்ச் சொன்னேனே என்று தன்னையே நொந்துகொண்டாள் அவள். வேறு வழியும் இருக்கவில்லை. கூட ஒரு ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். புருஷனோ கப்பலில். "உன் உடம்பு, உன் இஷ்டம். அம்மா காதுக்கு மட்டும் போகக் கூடாது" என்று போனிலேயே முடித்துக்கொண்டான்.

வயதுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு பக்கம் வளரவே இல்லை. உள்ளாடைக்குள் துணியை மடித்து வைத்து வைத்தே படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் ஆயிற்று. ஒருநாள் ஆபீஸ் மாடிப்படியில் அந்தத் துணி நழுவி விழுந்துவிட்டது. பின்னால் வந்தவன் குனிந்து எடுத்து, "மேடம், உங்க கர்ச்சீப்" என்று நீட்டினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆபரேஷன் செய்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆக்கிக்கொள்வதென்று அன்றைக்கு முடிவு பண்ணியதுதான்.

இதை அண்ணியிடம் சொன்னபோது, "உனக்குக் கொழுப்பு" என்று ஒரே வார்த்தை. ஆனாலும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள்.

சின்ன மகள் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்ததிலிருந்துதான் இந்தச் சிறைவாசம். "அவளுக்குத் தொத்துக் காய்ச்சல், யாரும் கிட்டே போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் அண்ணி. சாப்பாட்டுத் தட்டைக்கூட டங்கென்றுதான் வைப்பாள். என்னைப் பார்க்கவே இவளுக்கு அருவருப்பு என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

அன்று சாயங்காலம் குளியலறைப் பக்கமிருந்து மாமியாரின் குரல் வெடித்தது.

"இங்கே வாடி! கதவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுக் காயப்போட்டிருக்கே, இது என்னது?"

படுத்திருந்தவளுக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தடித்த பிரா. வீக்கம் இறங்குகிற வரை கழற்றவே கூடாது என்று துவைத்து மாற்றிப் போட்டுக்கொள்ள இரண்டு கொடுத்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிப் பேரே போட்டிருக்கு. மார்பை அழகுபடுத்துற ஆஸ்பத்திரி! எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? உள்ளே படுத்திருக்காளே மகராசி, அவளோடதுதானே? இதுக்குப் பேர் காய்ச்சலா? இந்த நிமிஷமே பெட்டியைக் கட்டச் சொல்லு. அவ அப்பன் வீட்லயே போய் அழகு பார்க்கட்டும்."

போட்டுக் கொடுத்துவிடுவாள். இந்த அண்ணி கட்டாயம் போட்டுக் கொடுத்துவிடுவாள். அவள் போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வெளியே அண்ணியின் குரல் கேட்டது.

"அது என்னோடதும்மா."

"என்னது?"

"நான்தான் பண்ணிக்கிட்டேன். அவளுக்கு நிஜமாவே காய்ச்சல். அவ பேச்சை எடுக்காதீங்க."

"புருஷன் வேண்டாம்னு துரத்திவிட்டவளுக்கு இது ஒண்ணுதான் கேடா? யாருக்குடி காட்டப் போறே?"

பளார் என்று ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று.

பூட்டு திறந்தது. அண்ணி உள்ளே வந்து, பழையபடி கதவைத் தாழிட்டாள். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. உதட்டோரம் கிழிந்திருந்தது.

"ஏன் அண்ணி? என்னோடதுன்னு உண்மையைச் சொல்லியிருக்கலாமே. எனக்காக நீங்க ஏன்…"

"அழாதே, தையல் இழுக்கும்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். முதன்முதலாக அவள் குரலில் அதட்டல் இல்லை.

"உன்னைன்னா வீட்டை விட்டே அனுப்பிடுவாங்க. என்னை அடிக்கத்தான் முடியும். அனுப்பறதுக்கு எனக்குத்தான் வேற வீடே இல்லையே."