காப்புக் கயிறு

“வாத்தியாரே, கண்ணாலம் ஆயிடுச்சா?”

அறுபதடிப் பாறையின் விளிம்பில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? பாண்டுரங்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருப்பத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார் அவர். சாரணர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால், முதலில் தான் கயிற்றில் இறங்கிப் பழக வேண்டுமே என்று ஜவ்வாது மலை முகாமுக்கு வந்திருந்தார். இன்றைக்கு முதல் ஆள் அவர்தான்.

கேட்டவன் காசி, பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கிற மலைக்காரன். இறங்குகிற கயிற்றில் பிடி தவறினாலும் ஆளைத் தாங்க, மேலிருந்து தனியாக ஒரு காப்புக் கயிறு பிடிக்க அவனை அமர்த்தியிருந்தார்கள்.

“ஆச்சு. அதுக்கின்னா இப்ப?”

“வூட்டுக்காரம்மா பேரு இன்னாங்க?”

பின்னால் வரிசையில் நின்ற வாத்தியார்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“சொல்லுய்யா பாண்டு! நீ கீழ போய்ச் சேர்றதுக்குள்ள கடுதாசியே போட்டுருவான்!” என்றார் அடுத்து நின்ற கோபால்சாமி.

பாண்டுரங்கன் பயிற்சியாளரிடம் திரும்பினார். “சார், வேற ஆளு இல்லியா?”

“தேன் எடுக்கறவங்கள்ல இவன் கைதான் கை. நீங்க நான் சொல்றதக் கேளுங்க.”

பயிற்சியாளர் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தார். கொக்கி நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார். ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டார்.

“வலது கை, கொக்கிக்குக் கீழ தொங்கற கீழ்க்கயித்த விடவே கூடாது. பயந்துபோய் மேல்கயித்தக் கட்டிப் புடிச்சீங்க, சர்ருன்னு போயிடுவீங்க. அப்ப காப்புக் கயிறுதான் கதி.”

அந்தக் கதியைப் பிடிக்க வேண்டிய காசியோ கயிற்றைத் தொடாமலே நின்றான்.

“பேரு சொன்னாத்தாங்க புடிப்பேன்.”

“அம்சவல்லி! போதுமா?”

காசி ஒரு நொடி கண்ணை மூடினான். பிறகுதான் கயிற்றை எடுத்து, மரத்தில் ஒரு சுற்று வாங்கி, இடுப்போடு அணைத்துக்கொண்டான்.

‘முருகா’ என்று இறங்கினார் பாண்டுரங்கன். பத்தடி சரியாகத்தான் போனது. அப்புறம் கீழே பார்த்துவிட்டார்.

அவ்வளவுதான். சொன்னதெல்லாம் பறந்துபோயிற்று. இரண்டு கையும் மேல்கயிற்றைக் கட்டிக்கொண்டன. கால் வழுக்கியது. ஹெல்மெட் பாறையில் ணங்கென்று மோதியது.

ஆனால் ஒரு முழம்கூட விழவில்லை. வெடுக்கென்று இடுப்பைப் பிடித்து இழுத்து அந்தரத்தில் நிறுத்தியது காப்புக் கயிறு.

“உட்ருவேனா மச்சான்! காலை அகட்டிப் பாறையில வையி. கீழ்க்கயித்தப் புடி!”

மச்சானா! மேலே வாத்தியார்கள் விழுந்து விழுந்து சிரிப்பது காதில் விழுந்தது. வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. மடமடவென்று இறங்கி முடித்து, ஒற்றையடிப் பாதையில் மூச்சிரைக்க மேலே வந்தார்.

“உயிரைக் காப்பாத்தினே, நல்லாயிரு. ஆனா யாருக்கு யாருடா மச்சான்? அடுத்தவன் சம்சாரம் பேரைக் கேட்டதும் இல்லாம, மொறை வேற வெச்சிக் கூப்புடுவியா?”

காசி கயிற்றை மேலே இழுத்துக்கொண்டே சிரித்தான்.

“கோவிச்சிக்காதீங்க வாத்தியாரே. தேனுக்கு எறங்கறப்ப எங்காளுங்க பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கையிலதான் கயித்தக் குடுப்போம். தங்கச்சி தாலியாச்சே, அவன் கை உடுமா? உங்க மச்சான் இங்க இல்லியே. அதான் அந்தம்மாவ என் தங்கச்சியா நெனச்சிக்கினேன். பேரு தெரியாம எப்பிடிங்க நெனச்சிக்கறது?”

பாண்டுரங்கன் கிட்டே வந்தார். அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வரிசையில் சிரிப்பு அடங்கிவிட்டது. அடுத்த ஆள் கோபால்சாமி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காசியின் பக்கத்தில் வந்து, மெல்லக் குனிந்தார்.

“எங்க வூட்ல பேரு சகுந்தலாங்க.”