யாரும் கேட்காத கூவல்

எங்கள் ஆபீஸ் பிரிண்டர் வாயை மூடியதே இல்லை. சும்மா இருக்கும்போதுகூட, கம்ப்யூட்டர்கள் தன்னைக் கண்டுபிடிப்பதற்காக, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அவற்றுக்குப் புரியும் நான்கு பழைய பாஷைகளில் நெட்வொர்க் முழுக்கக் கூவிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே நொண்டுகிற நெட். திட்டு வாங்குவதோ அதைப் பார்த்துக்கொள்ளும் நான்.

"பிரிண்டரோட இந்த நாலு பாஷையையும் யாராவது யூஸ் பண்றீங்களா?" என்று மேசை மேசையாகப் போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது மேடம். நெட் வந்தாப் போதும்."

பற்றிக்கொண்டு வந்தது. பிரிண்டர் செட்டிங்கில் நான்கையும் அணைத்தேன். நெட்டைக் கவனிக்கும் என் திரையில் கூவல்கள் நின்றன. அப்பாடா என்று டீயை எடுத்தேன். மூலையில் பழைய ஃபைல்கள் கிடக்கும் அறையின் கதவு திறந்து ஒருவர் வந்தார்.

"மேடம், பிரிண்டர் காணாமப் போச்சு. என் பழைய கம்ப்யூட்டருக்கு அது கூவுற பழைய பாஷை ஒண்ணுதான் தெரியும்."

"எல்லாரையும் கேட்டுட்டுத்தானே சார் நிறுத்தினேன்!" கத்தியே விட்டேன்.

"என்னை யாரும் கேக்கலையே மேடம்."

என் குரல் இறங்கிவிட்டது. பக்கத்து மேசைப் பூங்கோதையிடம் குனிந்து, "சார் பேரு என்ன?" என்றேன். அவள் அடுத்த மேசையைப் பார்த்தாள். அந்த மேசைக்காரர் அதற்கடுத்த மேசையைப் பார்த்தார்.